கேலரி ஃபில்டர் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது (பத்தமடைப் பாய் தளம்)

பத்தமடைப் பொடியன் | திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் உம்மாவும் தெருவில் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து பாய் நெய்து விற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளம் இருக்கிறது. 2015-இல் வேறொருவர் போட்டுக் கொடுத்தது, இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கேலரியில் ஒவ்வொரு பாய்ப் படத்துக்குக் கீழேயும் பாய் எண், அளவு, விலை. அதற்கும் கீழே ‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’ என்று ஓர் இணைப்பு. அழுத்தினால் அந்தப் பாயின் எண்ணோடு உம்மாவின் போனுக்குச் செய்தி போகணும். இப்போது வாங்குகிறவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ‘இது மேல்பரணில் இருக்கிறதா, போன வாரம் போனதா’ என்று அரை மணி நேரம் தேடுகிறார்.

போஸ்ட்_கேலரி ஃபில்டரை (கேலரி வெளிவரும்போது இடையில் புகுந்து மாற்ற வேர்ட்பிரஸ் தருகிற கொக்கி) வைத்து எழுதினேன். சைல்டு தீமில்தான் (நம் மாற்றங்களை மட்டும் வைக்கிற துணைத் தோற்றம்) போட்டேன், தாய் தீமில் கைவைக்கவில்லை. பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சரி, என் எச்டிஎம்எல்லில்தான் தப்பு போல என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘சோதனை’ என்ற ஒரே சொல்லைத் திருப்பி அனுப்பிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. மூன்று நாளாக இதே கதை.

(போனில் தட்டுகிறேன். ஃபில்டர் பெயர்களையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)


பேட்டை பிளக்இன் | திங்கள், இரவு 11:05

தம்பி, இதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? கேலரி பிளக்இன் (தளத்தில் கூடுதலாகச் செருகுகிற மென்பொருள்) எத்தனையோ கிடக்கு. ஒன்றை இறக்கிப் போட்டுவிட்டுத் தூங்கு.


கொக்கிரகுளத்தான் | செவ்வாய், காலை 6:20

பேட்டை அண்ணாச்சிக்கு எதற்கும் ஒரே மருந்துதான். பிளக்இன் போட்டாலும் அந்த வாட்ஸ்அப் இணைப்பை அதற்குள் நுழைக்க மறுபடியும் ஒரு ஃபில்டர்தான் எழுதணும். தம்பி கேட்டது நாற்பது வரியில் முடிகிற வேலை.

பொடியா, நிரலை விடு. முதலில் அந்தப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து கேலரியைச் சுற்றியிருக்கிற கிளாஸ் பெயரை (எச்டிஎம்எல் துண்டுக்கு வைக்கிற அடையாளப் பெயர்) பார். ‘கேலரிஐடி’ என்று ஓர் எண்ணோடு தொடங்கினால் அது பழைய ஷார்ட்கோடு, அதாவது சதுர அடைப்புக்குள் எழுதுகிற சுருக்கக் குறியீடு. ‘டபிள்யூபி-பிளாக்-கேலரி’ என்று இருந்தால் அது பிளாக், அதாவது புது எடிட்டர் பதிவைக் கட்டுகிற துண்டு. போஸ்ட்_கேலரி ஃபில்டர் ஷார்ட்கோடுக்கு மட்டும்தான் ஓடும். பிளாக் கேலரி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

ஷார்ட்கோடு வந்தது 2008-இல், வேர்ட்பிரஸ் 2.5 பதிப்போடு. அது பதிவுக்குள் ஒற்றை வரியாகத்தான் இருக்கும், பக்கம் திறக்கும்போதுதான் பிஎச்பி அதை எச்டிஎம்எல்லாக விரிக்கும். அதனால்தான் இடையில் புகுந்து மாற்ற முடிகிறது. 2018 டிசம்பரில் 5.0 வந்து பிளாக் எடிட்டர் வந்த பிறகு கதை வேறு. எடிட்டரே எச்டிஎம்எல்லை உருவாக்கி, அப்படியே பதிவுக்குள் எழுதி வைத்துவிடுகிறது. நீ பக்கம் திறக்கும்போது அது ஏற்கெனவே வெந்த சோறு.

பதிவை எடிட்டரில் திறந்து, நிரல் (கோட்) பார்வைக்கு மாறி, என்ன இருக்கிறதென்று சொல்லு.


பத்தமடைப் பொடியன் | செவ்வாய், காலை 9:15

அண்ணாச்சி, பிளாக்தான்! நான் சோதித்தது போன மாதம் போட்ட புதுப் பதிவு.

ஆனால் ஒரு கூத்து. நீங்கள் சொன்னதும் சந்தேகம் வந்து 2016-ஆம் வருடத்துப் பதிவு ஒன்றைத் திறந்தேன். படம் எதுவும் இல்லை. நடுவில் ‘சோதனை’ என்று ஒரே சொல் நிற்கிறது. பழைய பதிவு எல்லாவற்றிலும் அதேதான். மூன்று நாளாக வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.


வயக்காட்டுக் கொக்கு | செவ்வாய், காலை 9:40

ஐயோ தம்பி! சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். எனக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. கூந்தன்குளத்தில் எடுத்த பறவைப் படங்களை 2013-இலிருந்து போட்டுவருகிறேன். பாதி ஷார்ட்கோடு, பாதி பிளாக். இரண்டுக்கும் ஒரே மாதிரி வெளியீடு வரவைக்க வழி உண்டா அண்ணாச்சி?


கொக்கிரகுளத்தான் | செவ்வாய், மதியம் 1:30

உண்டு. இரண்டு என்று நினைக்கிறீர்கள், உண்மையில் மூன்று. இடையில் ஒரு தலைமுறை இருக்கிறது.

முதலாவது ஷார்ட்கோடு. படங்களின் எண்கள் (வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் தருகிற அடையாள எண்) ‘ஐடிஸ்’ என்பதில் காற்புள்ளி போட்டு வரிசையாக இருக்கும்.

அடுத்தது 5.0-க்கும் 5.9-க்கும் இடையில் போட்ட பிளாக் கேலரி. உள்ளே யுஎல், எல்ஐ பட்டியல். எண்கள் கேலரி பிளாக்கின் பண்புகளில் ‘ஐடிஸ்’ என்ற பெயரில் இருக்கும். யாராவது புது அமைப்புக்கு மாற்றும்வரை அது அப்படியேதான் கிடக்கும்.

2022 ஜனவரியில் வந்த 5.9-க்கு அப்புறம் போட்டது மூன்றாவது. இதில் கேலரி வெறும் கூடு. உள்ளே ஒவ்வொரு படமும் தனித்தனி இமேஜ் பிளாக். எண்ணைத் தேடினால் கேலரியின் பண்பில் இருக்காது, ‘இன்னர்பிளாக்ஸ்’ உள்ளே ஒவ்வொன்றின் பண்பிலும் ‘ஐடி’ என்று இருக்கும்.

ஆக வேலையை இப்படிப் பிரி. படங்களின் எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு எச்டிஎம்எல்லைத் திருப்பித் தருகிற ஒரு ஃபங்ஷன் எழுது. அது எங்கிருந்து எண் வந்தது என்று கவலைப்படாது. அப்புறம் இரண்டு ஃபில்டர். போஸ்ட்_கேலரியில் ஷார்ட்கோடின் எண்களை எடுத்து அதனிடம் கொடு. ரெண்டர்_பிளாக்_கோர்/கேலரியில் (5.7-லிருந்து இருக்கிறது) முதலில் இன்னர்பிளாக்ஸைப் பார். அது காலியாக இருந்தால் பண்பில் உள்ள ஐடிஸைப் பார். அதுவும் காலி என்றால் வந்த உள்ளடக்கத்தைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. இல்லையென்றால் மறுபடியும் ‘சோதனை’தான்.

ஃபங்ஷனுக்குள் படத்துக்கு நீயே ஐஎம்ஜி டேக் எழுதாதே. டபிள்யூபி_கெட்_அட்டாச்மென்ட்_இமேஜைக் கூப்பிடு. எஸ்ஆர்சிசெட் (திரைக்கேற்ற அளவுகளின் பட்டியல்), சோம்பேறி ஏற்றம் (தேவைப்படும்போது மட்டும் படத்தை இறக்குவது), ஆல்ட் உரை (படத்தை விவரிக்கிற சொற்கள்) எல்லாம் அதுவே போட்டுத் தரும். மீடியா நூலகத்தில் (ஏற்றிய படங்கள் இருக்கிற இடம்) அழித்துவிட்ட படம் என்றால் வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத உரையைத் தரும். அப்படி வந்தால் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடு. இல்லாவிட்டால் படமில்லாத பெட்டிக்குக் கீழே விலை மட்டும் தொங்கும்.

முக்கியமாக, எக்கோ பண்ணாதே (அங்கேயே அச்சிடாதே), ரிட்டர்ன் பண்ணு (கேட்டவரிடம் திருப்பிக் கொடு). எக்கோ பண்ணினால் கேலரி போய்ப் பதிவின் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும்.


பத்தமடைப் பொடியன் | செவ்வாய், இரவு 11:50

அண்ணாச்சி, தளமே படுத்துவிட்டது. ‘இந்தத் தளத்தில் கடுமையான பிழை’ என்று மட்டும் வருகிறது. அட்மினுக்குள்ளும் கேலரி உள்ள பக்கத்தை முன்னோட்டம் பார்க்க முடியவில்லை.


கொக்கிரகுளத்தான் | புதன், காலை 6:05

மின்னஞ்சலைப் பார். வேர்ட்பிரஸ் 5.2-லிருந்து இப்படிப் படுத்தால் நிர்வாகி முகவரிக்கு மீட்பு இணைப்பு ஒன்று வரும், எந்தக் கோப்பில் எந்த வரி என்றும் அதில் இருக்கும். சொல்லு.


பத்தமடைப் பொடியன் | புதன், காலை 7:30

வந்திருக்கிறது. அது 2015-இல் தளம் போட்டவரின் முகவரிக்குப் போயிருக்கிறது, அவரைப் பிடித்து வாங்கினேன். என் ஃபங்ஷனுக்கு இரண்டு அளவுரு (உள்ளே கொடுக்கிற மதிப்பு) வேண்டும், ஒன்றுதான் வந்தது என்கிறது.


கொக்கிரகுளத்தான் | புதன், காலை 7:42

அதானே பார்த்தேன். ஆட்_ஃபில்டரில் நாலாவது இடத்தில் எத்தனை அளவுரு வேண்டும் என்று சொல்லணும். சொல்லாவிட்டால் ஒன்றுதான் தரும். உள்ளடக்கம் மட்டும் வரும், பிளாக் வராது. முன்னெல்லாம் பிஎச்பி முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். பிஎச்பி 7.1-லிருந்து நேராகக் கழுத்தைப் பிடிக்கிறது. பிளாக் ஃபில்டருக்கு 10, 2 (முன்னுரிமை, அளவுரு எண்ணிக்கை) என்று போடு. போஸ்ட்_கேலரிக்கு 10, 2 போதும், மூன்றாவதாக வருவது பக்கத்தில் எத்தனையாவது கேலரி என்ற எண்தான்.

நிர்வாகி முகவரியையும் முதலில் மாற்று.


பத்தமடைப் பொடியன் | புதன், மாலை 5:10

ஓடுகிறது! பழையது, நடுவிலது, புதுசு மூன்றும் ஒரே மாதிரி வருகிறது. எடிட்டருக்குள் மட்டும் பழையபடி தெரிகிறதே?


வயக்காட்டுக் கொக்கு | புதன், மாலை 5:25

அது அப்படித்தான் இருக்கும் தம்பி. எடிட்டர் வரைவது ஜாவாஸ்கிரிப்ட். உன் ஃபில்டர் பிஎச்பி, வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஓர் இழப்பு. படத்தை அழுத்தினால் பெரிதாகிற வசதி போய்விட்டது. 6.4-இல் வந்ததே, அது. மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் நிற்பதைப் பெரிதாகப் பார்க்க முடியாவிட்டால் என் தளத்துக்கு வேலையே இல்லை.


கொக்கிரகுளத்தான் | புதன், இரவு 8:00

ஆமாம் அக்கா, முழுசாக உடைத்துக் கட்டினால் அது போகும். அந்த வசதி இமேஜ் பிளாக் வெளிவரும்போது ஒட்டுவது. நாம்தான் அதன் வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டோமே.

பொடியனுக்கு முழு மாற்றம் தேவை, அவனுக்கு ஒவ்வொரு படத்துக்கும் தனி இணைப்பு வேண்டும். உங்களுக்கு அது எதற்கு? பறவைப் பெயர் கேப்ஷனில் (படத்துக்குக் கீழே வரும் உரை) ஏற்கெனவே இருக்கிறது. வெறும் கிளாஸ் பெயரோ பண்போ சேர்த்தால் போதுமென்றால் டபிள்யூபி_எச்டிஎம்எல்_டேக்_பிராசசர் என்று ஒன்று 6.2-இல் வந்தது. வந்த எச்டிஎம்எல்லில் டேக்கைத் தேடிப் பண்பை மட்டும் மாற்றித் தரும். சரத்தை வெட்டி ஒட்டுகிற வேலையை அதற்கு முன்னால் நாங்கள் செய்து பட்ட பாடு போதும்.

பழைய ஷார்ட்கோடு பதிவுகளில் அளவையும் இணைப்பையும் மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஷார்ட்கோடு_ஆட்ஸ்_கேலரி ஃபில்டர் ஒன்றே போதும். தம்ப்நெய்லுக்குப் பதில் மீடியம், அட்டாச்மென்ட் பக்கத்துக்குப் பதில் கோப்பு. நாலு வரி.


பத்தமடைப் பொடியன் | வியாழன், காலை 10:20

இரண்டு சந்தேகம். முதலாவது, கல்யாணப் பாய். நெய்யும்போதே பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் பாயின் இரண்டு தலைப்பிலும் நெய்து தருவார்கள். நீளப் பாய். கேலரியில் சதுரமாக வெட்டி நடுப்பகுதியை மட்டும் காட்டுகிறது. பொண்ணு பெயரும் இல்லை, மாப்பிள்ளை பெயரும் இல்லை, நடுவில் வெறும் பச்சை சிவப்புக் கோடு. உம்மா பார்த்துவிட்டு ‘பேரைத்தானே ரெண்டு நாள் உட்கார்ந்து நெய்தோம்’ என்றார்.

இரண்டாவது, நேற்று முதல் வாட்ஸ்அப் செய்தி வந்தது. ‘ஐஎம்ஜி 2047 பாய் இருக்கிறதா?’ உம்மா என்னிடம் கேட்கிறார், இது என்ன ரகம் என்று.


வயக்காட்டுக் கொக்கு | வியாழன், காலை 10:45

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். நீ படத்தின் தலைப்பை எடுத்துப் பாய் எண்ணாகப் போட்டிருக்கிறாய். தலைப்பை நாம் நிரப்பாவிட்டால் வேர்ட்பிரஸ் கோப்புப் பெயரை அங்கே போட்டுவிடும், அதுதான் கேமரா வைத்த பெயர். நூலகத்தில் போய் ஒவ்வொன்றாகத் திருத்து, குறுக்குவழி இல்லை. நான் எண்ணூறு படத்துக்குச் செய்தேன், மார்கழி முழுக்க.


கொக்கிரகுளத்தான் | வியாழன், மதியம் 2:10

சதுர வெட்டு: தம்ப்நெய்ல் (சிறு படம்) என்றால் 150-க்கு 150 பிக்சல், வெட்டித்தான் தரும். உன் ஃபங்ஷனில் எந்த அளவைக் கேட்கிறாய் என்று பார். ஆட்_இமேஜ்_சைஸில் அகலம் 600, உயரம் 0, வெட்டு இல்லை என்று ‘பாய்’ என்ற பெயரில் புது அளவு ஒன்றைப் பதிவுசெய். ஆனால் புது அளவு இனிமேல் ஏற்றுகிற படங்களுக்குத்தான் உருவாகும். பழையவற்றுக்கு மறுபடி உருவாக்கணும். கட்டளை வரி கிடைத்தால் டபிள்யூபி மீடியா ரீஜெனரேட், கிடைக்காவிட்டால் அதற்கென்று பிளக்இன் இருக்கிறது. (பேட்டை அண்ணாச்சி, சந்தோஷமா?)

இடம் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துக்கொள். ஒரு பெரிய படம் ஏற்றினால் 150, 300, 768, 1024, 1536, 2048 என்று வரிசையாகப் பிரதி எடுக்கும். 2560-க்கு மேல் போனால் சுருக்கிய பிரதி ஒன்று தனி. உன் அளவும் சேர்ந்தால் இன்னொன்று. தேவையில்லாத அளவுகளை நிறுத்தவும் ஃபில்டர் உண்டு.

வாட்ஸ்அப் இணைப்பையும் ஒரு தடவை சரிபார். போன் எண்ணுக்கு முன்னால் 91, கூட்டல் குறி வேண்டாம், தொடக்கத்தில் பூஜ்யம் வேண்டாம். தமிழ்ச் செய்தியை ராயுஆர்எல்என்கோடு (எழுத்துகளை இணைப்புக்கு ஏற்றபடி மாற்றுகிற பிஎச்பி ஃபங்ஷன்) வழியாக அனுப்பு.


பேட்டை பிளக்இன் | வியாழன், மதியம் 2:30

சந்தோஷம்தான் வே. தம்பி, உன் தளத்தைப் பார்த்தேன். ஏழு பாய் இருக்கிற பக்கத்தில் ஏழாவது பாய் மட்டும் யானை மாதிரி விரிந்து நிற்கிறதே?


பத்தமடைப் பொடியன் | வியாழன், மாலை 4:00

அண்ணாச்சி, நான் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் விலை குறைந்த பாய் வேறு.


வயக்காட்டுக் கொக்கு | வியாழன், மாலை 4:20

பழைய கிளாஸ் பெயர்களை அப்படியே வைத்திருப்பாய். வேர்ட்பிரஸின் சொந்த சிஎஸ்எஸ்ஸில் (தோற்ற விதிகள்) கேலரி படங்களுக்கு ஃபிளெக்ஸ்-குரோ 1, அதாவது மிச்ச இடத்தை நிரப்பு. கடைசி வரிசையில் ஒற்றைப் படம் மிஞ்சினால் அது முழு அகலத்தையும் பிடித்துக்கொள்ளும். உன் வெளியீடுதானே, உன் கிளாஸ் பெயரையே வை. கிரிடுக்கு (கட்டம் கட்டமாக அடுக்குகிற முறை) மாற்றி, ரிப்பீட்டில் ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ் 220 பிக்சல், 1எஃப்ஆர். ஆட்டோ-ஃபிட் போடாதே. ஒரே ஒரு பாய் உள்ள பக்கத்தில் மறுபடியும் யானைதான்.


பத்தமடைப் பொடியன் | சனி, இரவு 9:30

எல்லாம் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை உம்மா ஒரு பாயின் விலையைக் கூட்டச் சொன்னார். நூலகத்தில் கேப்ஷனை மாற்றினேன், பழைய பதிவிலும் புதுப் பதிவிலும் ஒரே நேரத்தில் மாறியது. முன்னெல்லாம் புதுப் பதிவுகளில் மாறாது, ஒவ்வொரு பதிவையும் திறந்து திருத்துவேன். இது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.


கொக்கிரகுளத்தான் | சனி, இரவு 10:10

அது தானாக நடந்த நன்மை, நான் முதலிலேயே சொல்லியிருக்கணும். ஷார்ட்கோடு ஒவ்வொரு தடவையும் நூலகத்தில் போய்க் கேப்ஷனை எடுக்கும். பிளாக் அப்படி இல்லை, படத்தைச் செருகுகிற நேரத்தில் இருந்த கேப்ஷனைப் பிரதி எடுத்துப் பதிவுக்குள் எழுதிக்கொள்ளும். ஆல்ட் உரையும் அப்படியே. அப்புறம் நூலகத்தில் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. இப்போது உன் ஃபங்ஷன் பதிவில் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போகிறது.

இதில் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. யாராவது எடிட்டரில் பதிவுக்குள்ளேயே கேப்ஷனைத் திருத்தினால் அது வெளியே வரவே வராது. உம்மாவோடு இருக்கிறவர்களில் யார் தளத்தில் கைவைக்கிறார்களோ அவர்களிடம் சொல்லிவை, விலையை நூலகத்தில்தான் மாற்றணும்.


பத்தமடைப் பொடியன் | ஞாயிறு, காலை 8:15

சொல்லிவிட்டேன். சாச்சி மட்டும் ‘எங்கே மாற்றினால் என்ன’ என்கிறார்.

இன்னொன்று. நேற்று மாற்றிய விலை என் போனில் புதுசாகத் தெரிகிறது, தூத்துக்குடியிலிருந்து பேசிய ஒருவருக்குப் பழைய விலையே தெரிந்திருக்கிறது. பழைய விலைக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார் உம்மா.


வயக்காட்டுக் கொக்கு | ஞாயிறு, காலை 8:40

கேச். நீ உள்நுழைந்திருப்பதால் உனக்குப் புதுப் பக்கம் வந்திருக்கும். மற்றவர்களுக்குச் சேமித்து வைத்த பக்கம். நூலகத்தில் படத்தைத் திருத்தினால் அந்தப் படம் இருக்கிற பதிவைத் துடைக்கணும் என்று கேச் பிளக்இன்னுக்குத் தெரியாமல் போகலாம். விலை மாற்றினால் கையோடு கேச்சைத் துடைத்துவிடு.

அந்த ஃபங்ஷனை எனக்கும் அனுப்புகிறாயா? வாட்ஸ்அப் இணைப்பை எடுத்துவிட்டு, பறவை பார்த்த தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.


பத்தமடைப் பொடியன் | ஞாயிறு, காலை 9:00

தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன் அக்கா. ஃபங்ஷன் பெயர் ‘கேலரி’ என்றுதான் வைத்திருக்கிறேன்.


கொக்கிரகுளத்தான் | ஞாயிறு, காலை 9:04

பெயரை மாற்றுங்கள் இரண்டு பேரும். அதே பெயரில் வேறு பிளக்இன் ஒன்று வந்தால் தளம் மறுபடியும் படுக்கும். முன்னால் ‘பத்தமடை_’ என்று போடு, அக்கா ‘கூந்தன்குளம்_’ போட்டுக்கொள்ளட்டும்.


பேட்டை பிளக்இன் | ஞாயிறு, காலை 11:30

அந்த ஏழாவது பாய் இன்னும் இருக்கிறதா தம்பி? வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன், உம்மாவைப் பார்க்கச் சொல்லு.